ஹட்டனா, பண்டாரவளையா? தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்கான ஓர் ஒப்பீடு

லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வெளியேறி நகரத்தில் குடியிருக்க வேண்டும் என்ற பேச்சு எழாத வீடு இன்று இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் குறைவு. பிள்ளைகளில் ஒருவர் ஆசிரியராகியிருப்பார், ஒருவர் கொழும்பில் கடையிலோ கம்பனியிலோ வேலை செய்வார், இன்னொருவர் மத்திய கிழக்கிலிருந்து பணம் அனுப்புவார். மூவரின் சேமிப்போடு ஓய்வுபெற்ற அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணமும் சேரும்போது ஒரு சிறு காணியோ, குறைந்தபட்சம் ஒரு வாடகை வீடோ கைக்கெட்டும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. உடனே எந்த நகரம் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. கண்டியின் காணி விலை பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நுவரெலியா நகரத்திலோ சுற்றுலா விடுதிக்காரர்களோடு போட்டியிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும். ஆகவே மேற்கு மலைப் பக்கத்தவர்களுக்கு ஹட்டனும் ஊவாப் பக்கத்தவர்களுக்குப் பண்டாரவளையும் முதலில் நினைவுக்கு வருகின்றன. இரு பக்கமும் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

என்னுடைய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்மொழியில் படிக்கும் பிள்ளைகளும் அடிக்கடி மருந்து எடுக்க வேண்டிய முதியவர்களும் உள்ள, முதன்முறையாகத் தோட்டத்தை விட்டு இறங்கும் குடும்பத்துக்கு ஹட்டனே பொருத்தமானது. சொந்தமாக வீடு கட்டிக் கொஞ்சம் தோட்டம் போட்டு வாழ விரும்புகிறவர்களுக்கும், மரக்கறி வியாபாரம் அல்லது சுற்றுலாத் தொழிலில் கால் பதித்தவர்களுக்கும், ஈரக் குளிரைத் தாங்காத நெஞ்சு நோயாளர் உள்ள வீட்டுக்கும் பண்டாரவளை நல்லது. ஆனால் எந்த நகரத்தில் வாங்கினாலும், வாங்கும் காணியின் சரிவும் நீரோட்டமும் நகரத்தின் பெயரை விட முக்கியமானவை. அதைப் பற்றித்தான் கீழே அதிகமாக எழுதியிருக்கிறேன்.

இரு நகரங்களையும் வளர்த்தது ஒரே புகையிரதப் பாதைதான். 1884 இல் ஹட்டனை எட்டிய அந்தப் பாதை, பத்தாண்டுகள் கழித்து 1894 இல் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்ந்தது. பதுளைக்கு 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கி ஏற்றும் இடங்களாகத் தொடங்கியவை இன்று சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் வங்கி, கடை, பாடசாலை, பஸ் என எல்லாவற்றுக்குமான மையங்களாகிவிட்டன. ஹட்டன், மத்திய மாகாணத்தின் நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன்–டிக்கோயா நகரசபையின் கீழ் இருக்கிறது. பண்டாரவளை, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் தனி மாநகரசபையாக இருக்கிறது.

உயரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை; இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மீற்றர் உயரத்தில் அமைந்தவை. ஆயினும் மழையைப் பொறுத்தவரை இவை இரண்டு வெவ்வேறு நாடுகள். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். அந்த மாதங்களில் ஹட்டனில் வாரக்கணக்கில் வெயிலைப் பார்க்காமலே இருக்க நேரும். வெள்ளைச் சீருடையை அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் காயப்போட்டு, புகை வாசனையோடு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டின் பின்சுவரில் பூஞ்சணம் படர்வதும், அரிசிச் சாக்கைத் தரையில் வைக்க முடியாமல் பலகை போட்டு வைப்பதும் அங்கே வழமை. அதே மாதங்களில் பண்டாரவளை மலைத்தொடரின் மறைவில் காய்ந்து கிடக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனையைத் தரும் வறண்ட காற்று அப்போதுதான் வீசுகிறது. பண்டாரவளையின் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஆண்டின் இறுதி வரை பெய்யும். இழுப்பு நோயாளர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் பண்டாரவளையின் காலநிலை இதமானது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இந்த இதத்துக்குப் பின்னால் ஆடி, ஆவணி மாதங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற விலை இருக்கிறது.

கொழும்பில் வேலை செய்யும் உறவு உள்ள வீடுகளுக்குப் பயணம் சிறிய விடயமன்று. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வருபவர், வெள்ளி இரவு பஸ் ஏறி விடியுமுன் வீட்டில் இருக்கலாம், ஞாயிறு மாலை திரும்பலாம். இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வார இறுதியில் வந்து போவது உடம்பைக் கெடுக்கும். புகையிரதம் வழமைபோல் ஓடும்போதும் ஹட்டனுக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் என்றால் பண்டாரவளைக்கு எட்டு மணித்தியாலம் வைத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும் மட்டும் வருகிறவர்களுக்கு இது பொருட்டில்லை. மாதம் இருமுறை வரும் தகப்பனுக்கு, பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தையே இந்த வேறுபாடு தீர்மானித்துவிடும்.

கல்விதான் பெரும்பாலான குடும்பங்களைத் தோட்டத்திலிருந்து இறங்க வைக்கிறது. இந்த விடயத்தில் ஹட்டனின் நிலை உறுதியானது. ஹைலன்ட்ஸ் கல்லூரி, புனித ஜோன் பொஸ்கோ கல்லூரி, புனித கபிரியேல் மகளிர் கல்லூரி ஆகியவை நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. அடுத்துள்ள கொட்டகலையிலும் பெயர்பெற்ற தமிழ்ப் பாடசாலைகள் உண்டு. அப்பால் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி இருப்பதால், ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவாகும் பிள்ளைக்கு ஊரை விட்டுத் தூரம் போக வேண்டிய நிலை வராது. உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்கத் தமிழ்மொழி ஆசிரியர் கிடைக்காமை மலையகம் முழுவதற்குமான நீண்ட காலக் குறை. அந்தக் குறையை ஹட்டனில் ஓரளவு ஈடுகட்டுவது, மாணவர் தொகை அதிகமாக இருப்பதால் நடத்த முடிகிற டியூஷன் வகுப்புகள். இருபது பிள்ளைகள் சேராத இடத்தில் நல்ல பௌதிகவியல் ஆசிரியர் வாரந்தோறும் கண்டியிலிருந்து வந்து போகமாட்டார். இது கசப்பான கணக்கு, ஆனால் உண்மையான கணக்கு.

பண்டாரவளையிலும் தமிழ்மொழிப் பாடசாலைகள் இருக்கின்றன. ஆரம்பப் பிரிவுக்கும் சாதாரண தரத்துக்கும் அவை போதுமானவை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு என்று வரும்போது பதுளை வரை பார்க்க வேண்டியிருக்கும். அங்கே சரஸ்வதி கல்லூரியும் தமிழ் மகளிர் மகா வித்தியாலயமும் இருக்கின்றன. ஆனால் நாளாந்தம் போய்வருவதென்றால் ஒரு வழிக்கே சுமார் 30 கிலோமீற்றர் மலைப்பாதை. பிள்ளையைப் போர்டிங்கில் விடலாம் என்பவர்கள், நகரத்துக்குக் குடிபெயர்ந்த நோக்கமே பாதி கைவிடப்படுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மறுபுறம், பண்டாரவளையில் வளரும் பிள்ளை விளையாட்டு மைதானத்திலும் கடைவீதியிலும் சிங்களத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். அரச வேலைக்கும் தனியார் வேலைக்கும் இரண்டாம் மொழி எவ்வளவு கைகொடுக்கும் என்பதை, அது இல்லாமல் நேர்முகப் பரீட்சைகளில் தடுமாறிய அண்ணன்மார் நன்கறிவார்கள். பல்கலைக்கழக அனுமதியைப் பொறுத்தவரை நுவரெலியா, பதுளை ஆகிய இரு மாவட்டங்களுமே கல்வியில் பின்தங்கியவை என்ற மேலதிக ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருப்பதால், அந்தக் காரணத்துக்காக ஒரு பக்கம் சாயத் தேவையில்லை.

வைத்தியசாலை விடயத்தில், ஹட்டனுக்கு மிக அருகில் டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்புவார்கள். கண்டிக்கான பாதை நீளமானது, இரவில் பனிமூட்டமும் சேர்ந்துகொள்ளும். பண்டாரவளைக்காரர்களுக்குத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை சில கிலோமீற்றர் தூரத்திலும், விசேட வைத்திய நிபுணர்கள் உள்ள பதுளைப் போதனா வைத்தியசாலை ஒரு மணித்தியாலப் பயணத்திலும் கிடைக்கின்றன. பெரிய வைத்தியசாலையை விரைவாக அடையும் வாய்ப்பில் பண்டாரவளை முன்னிற்கிறது. ஆனால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் கிளினிக் போகும் பாட்டிக்கு, மருந்தை எந்த நேரத்தில் எத்தனை குளிசை எடுப்பது என்று தமிழில் கேட்டுத் தெளியக்கூடிய இடம் பெரிய கட்டடத்தை விடப் பயன்படும். டிக்கோயாவில் வரிசையில் நிற்பவர்களிலேயே பெரும்பாலானோர் நம்மவர்கள். ஊழியர் ஒருவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவர் எடுத்துச் சொல்லிவிடுவார்.

மொழியின் செல்வாக்கு வைத்தியசாலையோடு நிற்பதில்லை. நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர்; பதுளை மாவட்டத்தில் தமிழர் எல்லோரையும் சேர்த்தாலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். இரு நகரங்களின் பிரதேச செயலகப் பிரிவுகளும் சட்டப்படி இருமொழி நிர்வாகத்துக்கு உரியவை என்றாலும், காகிதத்தில் உள்ள உரிமை கருமபீடத்தில் கிடைப்பது, கேட்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் பொறுத்தது. ஹட்டனில் வங்கிப் படிவத்தை நிரப்பவும், பஸ்ஸில் இடம் கேட்கவும், பொலிஸில் முறைப்பாடு எழுதவும் தமிழே போதும் என்ற நிலை பெருமளவு உண்டு. பண்டாரவளையில் பேச்சுச் சிங்களமாவது இல்லாத முதியவர் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிவிடும் அபாயம் இருக்கிறது. லயத்தில் பக்கத்து வீட்டு வாசலில் அமர்ந்து பேசிப் பழகிய ஒரு தாயை, பேச ஆளில்லாத நல்ல வீட்டில் வைத்திருப்பது அவருக்குச் செய்யும் நன்மையா என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொழிலைப் பொறுத்தவரை ஹட்டனின் வியாபாரம் தோட்டச் சம்பளத்தோடு கட்டப்பட்டது. பத்தாம் திகதியை அண்டிய நாட்களில் கடைவீதியில் நடக்க இடமிருக்காது. மாதக் கடைசியில் அதே கடைக்காரர் வாசலில் நின்று ஆள் பார்த்துக்கொண்டிருப்பார். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோதும், விலைவாசி அதைவிட வேகமாக ஓடியதால் கடைகளின் விற்பனை அதே அளவில் உயரவில்லை என்பதே வியாபாரிகளின் பேச்சு. மார்கழிப் போயா (பௌர்ணமி) தினத்திலிருந்து வைகாசி வெசாக் வரையான சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் உணவுக்கடைக்கும் ஆட்டோவுக்கும் கூடுதல் வருமானம் தரும்.

பண்டாரவளையின் தொழில்கள் பல கால்களில் நிற்கின்றன. வெலிமடைப் பக்கத்து மரக்கறியும் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையமும், தியத்தலாவையின் இராணுவ முகாம்களை நம்பிய சேவைகளும், எல்லாவற்றுக்கும் மேலாக அருகிலுள்ள எல்ல என்ற ஊரின் சுற்றுலாவும் உள்ளன. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் சமையலறை, வரவேற்பு, வாகனச் சாரதி என்று நம் இளைஞர்கள் நல்ல வருமானம் பெறுகிறார்கள். ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், அடுத்த ஆண்டுப் பெருந்தொற்று, 2022 பொருளாதார நெருக்கடி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்களே. குடும்பத்தின் முழு வருமானமும் சுற்றுலாவை நம்பியிருந்தால் வங்கிக் கடன் எடுத்துக் காணி வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இனிக் காணிக்கு வருவோம். ஹட்டனில் காணி ஏன் அரிது என்பதற்குக் காரணம் தெளிவானது. நகரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தோட்டங்கள். அவை 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டவை. அதனால் நகரம் பரவ இடமில்லை. உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள தனியார் காணி சிறு சிறு துண்டுகளாக, செங்குத்தான ஓரங்களில், உயர்ந்த விலைக்கே கிடைக்கிறது. ஆறேழு பேர்ச் காணியில் மூன்று மாடி எழுப்பும் வழக்கம் இதனால் வந்ததே. தோட்டக் காணியில் கட்டிய வீட்டை உறுதி இல்லாமல், கையெழுத்துக் கடிதத்தை மட்டும் காட்டி விற்க முன்வருபவர்களும் இருக்கிறார்கள். அதை வாங்கினால் வங்கியும் ஏற்காது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. பண்டாரவளையைச் சுற்றிலும் கிராமங்களின் தனியார் காணிகள் இருப்பதால், அதே பணத்துக்குப் பெரிய துண்டு, வீட்டைச் சுற்றி நாலு கறிவேப்பிலை மரம் வைக்கும் அளவுக்கு இடம் கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: பங்குரிமைக் காணிகளில் எல்லா உரித்தாளரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பதைக் காணிப் பதிவகத்தில் நொத்தாரிசு மூலம் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

உறுதி சரியாக இருந்தாலும் மண் சரியாக இருக்க வேண்டும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்களை மூடிய மண்சரிவு, முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கப்பட்ட இடத்தில் நிகழ்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்களே மண்சரிவுகளால் மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்டன. மலையகப் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டது. ஆகவே எந்த நகரம் பாதுகாப்பானது என்ற கேள்வி தவறானது. ஒரே நகரத்தில் ஒரு முடுக்கு பாதுகாப்பாகவும் அடுத்த முடுக்கு ஆபத்தாகவும் இருக்கும். இம்மாவட்டங்களில் வீடு கட்ட உள்ளூராட்சி மன்ற அனுமதி பெறுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை தேவை. இதைக் காணி வாங்கிய பின் செய்யும் சடங்காகக் கருதாமல், முற்பணம் கொடுக்கும் முன்பே, அறிக்கை சாதகமாக வந்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையோடு விண்ணப்பிக்கும்படி விற்பவரைக் கேட்க வேண்டும். மறுக்கிறவரிடம் வாங்காதிருப்பதே நல்லது.

காணியைப் பார்க்கப் போகிறவர் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போகட்டும். வீட்டின் பின்புறம் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்களா, வெட்டிய முகத்தில் தண்ணீர் கசிந்து பாசி படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாங்குசுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேறக் குழாய்த் துளைகள் விட்டிருக்கிறார்களா, அந்தத் துளைகளிலிருந்து தெளிந்த நீர் வருகிறதா, கலங்கிய சேற்று நீர் வருகிறதா என்று கவனியுங்கள். சேறு வந்தால் சுவருக்குப் பின்னால் மண் கரைகிறது. மேலே உள்ள சவுக்கு மரங்களும் மின்கம்பமும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? வாசற்படி வீட்டின் அத்திவாரத்திலிருந்து விரலளவு விலகியிருக்கிறதா? புதிதாக வர்ணம் பூசிய வீட்டில் ஒரு கதவு மட்டும் சட்டத்தில் உரசி மூட மறுத்தால், வர்ணத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். மேட்டில் குடியிருக்கும் அயலவரிடம், பெருமழையில் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள்.

பண்டாரவளையில் இதற்கு மேல் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது 2014 இறுதியிலிருந்து நீர் கசிந்து, சுற்றுப்புறக் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 இல் நகர மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். திட்டம் 2024 இல் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தச் சுரங்கப் பாதையை அண்டிய பகுதிகளில் கிணற்றை நம்பி வீடு வாங்குகிறவர், அக்காலத்தில் அந்தக் கிணறு வற்றியதா, பின்னர் ஊறியதா, அந்த வீட்டுக்கு நட்டஈடு கோரப்பட்டதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமும் அயலவரிடமும் கேட்டறிவது கட்டாயம். மலிவாகக் கிடைக்கும் சில வீடுகளின் மலிவுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஹட்டனில் கிணற்றுக் கவலை குறைவு. அங்கே மழைநீர் வடிகால் அடைபடுவதும், மேல்வீட்டுக் கழிவுநீர் கீழ்வீட்டுச் சுவரில் ஊறுவதுமே தொல்லை.

இவ்வளவையும் பார்த்தபின், முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. ஹட்டனில் என்றால் ஜூன், ஜூலை மாதங்களை உள்ளடக்கியும், பண்டாரவளையில் என்றால் ஓகஸ்ட் வறட்சியையும் நவம்பர் மழையையும் பார்க்கும்படியும் காலத்தைத் தெரிவு செய்ய வேண்டும். அம்மா வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் ஒரே கையெழுத்தில் போய்விடக் கூடியது; ஒரு வருட வாடகை அதைக் காக்கும் செலவு. அந்த ஒரு வருடத்தில் தோட்டத்து வீட்டை உடனே கையளிக்காமல், யாராவது ஒருவர் வேலையில் பதிந்திருக்க முடியுமா என்பதையும் தோட்ட நிர்வாகத்துடனான நிலையைப் பொறுத்து ஆலோசித்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளை உள்ளவர்கள் வாடகைக்கு வந்தவுடனேயே செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. முதலாம் தர அனுமதியில், பாடசாலைக்கு அருகில் வசிப்போர் என்ற பிரிவுக்கே பெரும் பங்கு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பிரிவில் புள்ளிகளில் கணிசமானவை பெற்றோரின் பெயர் அந்த முகவரியில் வாக்காளர் இடாப்பில் தொடர்ச்சியாக எத்தனை வருடம் பதிவாகியிருக்கிறது என்பதை வைத்தே வழங்கப்படுகின்றன. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது குடிபெயர்ந்தால் அந்த வருடங்கள் கிடைக்காது. ஆகவே பிள்ளை தவழும் வயதில் இருக்கும்போதே நகரத்தைத் தீர்மானித்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதி, மின்சாரப் பட்டியலையும் தண்ணீர்ப் பட்டியலையும் முடிந்தால் தம் பெயருக்கு மாற்றி, ஒவ்வோர் ஆண்டும் இடாப்புத் திருத்தத்தின்போது பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.